பனிக்காக ஒரு தவம்

கோயில் குளம் என்று நாலு ஊர் சுற்றிவிட்டு வந்தால் நம் வீடுகளில் என்ன நடக்கிறது? செல்போனில் ஐந்நூறு படம் சேர்ந்திருக்கும். கோபுரத்துக்கு முன்னால் பெரியவன் கண்ணை மூடிக் கொண்டு நிற்பான். சின்னது அழும். அவர் எடுத்த படத்தில் நம் தலை இருக்காது. நாம் எடுத்ததில் கலசம் இருக்காது. இரண்டு மாதம் போனதும், "இடம் போதவில்லை" என்று போன் முரண்டு பிடிக்கும். பாதியை அழித்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவோம்.

ஒரே ஒரு கோயிலை, நாற்பது வருஷ காலம், திரும்பத் திரும்பப் போய்ப் படம் எடுத்த மனிதர் ஒருவர் ஜப்பானில் இருந்தார். அதிலும் கடைசிப் பத்து வருஷம் அவரால் நடக்க முடியாது. பிறர் முதுகில் ஏறித்தான் போனார். அவர் பெயர் டோமோன் கென். கோயிலின் பெயர் முரோஜி.

அவரைப் பற்றிச் சொல்லும் முன்னால் அந்தக் கோயிலைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் அது நம்முடைய கோயில். பெண்களின் கோயில் என்று சொல்ல வந்தேன்.

பெண்களுக்குத் திறந்த கதவு

ஜப்பானில் கோயா மலை என்று ஒரு புண்ணிய ஸ்தலம். குகாய் என்ற பௌத்தத் துறவி 816-ம் ஆண்டில் அங்கே மடம் அமைக்கத் தொடங்கினார். ஆயிரம் வருஷத்துக்கும் மேலாக அந்த மலைக்குள் பெண்கள் காலடி வைக்கக் கூடாது என்று கட்டுப்பாடு. மலையில் ஏறும் வழிகளில், பெண்கள் இதற்கு மேல் போகாமல் நின்று கும்பிட்டுவிட்டுத் திரும்புவதற்கென்றே தனியாக மண்டபங்கள் கட்டியிருந்தார்கள். பக்தி மிகுந்தவர்கள் மலையை வெளியிலேயே சுற்றி வருவார்கள்.

குகாயைப் பெற்ற தாய்க்குக்கூட அனுமதி இல்லை. பிள்ளையைப் பார்க்க அத்தனை தூரம் வந்தவள் அடிவாரத்திலேயே தங்கிவிட்டாளாம். மாதத்துக்கு ஒன்பது தடவை மகன் மலையிலிருந்து இறங்கி வந்து அம்மாவைப் பார்த்துவிட்டுப் போவாராம். அந்த ஊரின் பெயர் குதோயாமா. 'ஒன்பது தடவை மலை' என்று பொருள். கதைதான். ஆனால் எந்தத் தாய்க்கும் கேட்டவுடன் தொண்டையை அடைக்கும் கதை அல்லவா? அந்த அடிவாரக் கோயிலான ஜிசோன்-இன்னில் இன்றைக்கும் பெண்கள்தான் அதிகமாக வேண்டிக் கொள்கிறார்கள். சுகப் பிரசவம் ஆக வேண்டும், குழந்தைக்குப் பால் நன்றாகச் சுரக்க வேண்டும், மார்பில் நோய் வரக் கூடாது என்று, துணியால் மார்பகம் போலச் செய்து ஒட்டிய மரப் பலகைகளைக் கட்டித் தொங்க விடுகிறார்கள்.

கோயா மலையில் கதவு மூடியிருந்த காலத்தில், நாரா மாநிலத்து மலைகளுக்குள் இருந்த முரோஜி பெண்களை "வாருங்கள்" என்று அழைத்தது. அதனாலேயே அதற்குப் 'பெண்களின் கோயா' என்று பெயர் வந்தது. பதினேழாம் நூற்றாண்டின் கடைசியில் கெய்ஷோஇன் என்ற அம்மையார் இந்தக் கோயிலுக்கு வாரி வழங்கினார். நாட்டை ஆண்ட ஐந்தாவது தோக்குகாவா தளபதியின் தாயார் அவர். காய்கறிக் கடைக்காரரின் மகளாகப் பிறந்தவர் என்றும் சொல்வார்கள். இப்படிப் புனித மலைகளில் பெண்களுக்கு இருந்த தடையை 1872-ல் ஜப்பானிய அரசு நீக்கியது. அதற்கு எத்தனையோ காலம் முன்பே முரோஜியின் படிகளில் பெண்களின் காலடி பட்டுவிட்டது.

கைக்குள் அடங்கும் கோபுரம்

சிவப்புப் பாலத்தைக் கடந்து உள்ளே போனால் கல் படிகள். வானத்தை மறைக்கும் தேவதாரு மரங்கள். படி ஏறித் தலை நிமிர்ந்தால் ஐந்து அடுக்குக் கோபுரம் ஒன்று தெரியும். கி.பி. 800-ஐ ஒட்டிக் கட்டியது. உயரம் எவ்வளவு என்கிறீர்கள்? சுமார் 16 மீட்டர்தான். ஜப்பானில் வெட்டவெளியில் நிற்கும் பழைய ஐந்தடுக்குக் கோபுரங்களில் இதுதான் மிகச் சின்னது. கூரைக்கு ஓடு கிடையாது. சைப்ரஸ் மரப் பட்டைகளை அடுக்கி வேய்ந்திருக்கிறார்கள். பார்த்தால் கம்பீரம் என்று சொல்லத் தோன்றாது. வீட்டுக்கு வந்த புது மருமகள் வாசலில் நிற்கிற மாதிரி ஓர் அடக்கம். அங்கிருந்து மேலேயும் படிகள் போகின்றன. எல்லாம் சேர்த்தால் சுமார் எழுநூறு.

இங்கே இருக்கும் மர விக்கிரகங்களில் இரண்டு ரொம்பப் பிரசித்தம். ஒன்று, உட்கார்ந்திருக்கும் சாக்கிய முனி. அவருடைய ஆடையின் மடிப்புகள் கடலலை போலப் புரண்டு இறங்கும். இன்னொன்று, பதினோரு முகம் கொண்ட கன்னோன். நம் நாட்டிலிருந்து சீனா வழியாகப் போன அவலோகிதேசுவரர்தான் அங்கே கன்னோன். கருணை வடிவம் என்பதால் ஜப்பானியப் பெண்கள் அம்மாவிடம் முறையிடுவது போலக் கன்னோனிடம் முறையிடுவார்கள். மொழுமொழு என்ற கன்னம், சின்ன வாய். ஆயிரத்து நூறு வருஷம் கழிந்தும் பழைய வர்ணம் கொஞ்சம் ஒட்டிக் கொண்டிருக்கிறது.

ஓவியராக நினைத்தவர்

டோமோன் கென் 1909-ல் வடக்கு ஜப்பானின் சகாதா என்ற துறைமுக ஊரில் பிறந்தவர். ஓவியராக வேண்டும் என்று இளமையில் ஆசைப்பட்டார். வாழ்க்கை வேறு பக்கம் தள்ளியது. போட்டோ ஸ்டூடியோ ஒன்றில் எடுபிடியாகச் சேர்ந்து தொழில் கற்றார். பிறகு பத்திரிகைப் படங்கள் எடுக்கப் போனார்.

1939-ல், முப்பது வயதை ஒட்டி, முதல் தடவையாக முரோஜிக்குப் போனார். போனவர் அப்படியே சொக்கிவிட்டார். யுத்த காலத்தில், பிலிம் கிடைக்காத, ரயில் ஏறவே கஷ்டமான நாட்களிலும் கனமான மரக் காமிராவைச் சுமந்து கொண்டு அந்த மலைக்குப் போய் வந்தார்.

யுத்தம் முடிந்ததும் அவர் கவனம் மனிதர்கள் பக்கம் திரும்பியது. நடிக்க வைத்து, சிரிக்கச் சொல்லி எடுக்கும் படமே வேண்டாம், உள்ளதை உள்ளபடி எடுங்கள் என்று இளைஞர்களிடம் பிடிவாதமாகச் சொன்னார். அணுகுண்டு விழுந்த ஹிரோஷிமாவில், பல வருஷம் கழித்தும் ஆஸ்பத்திரிகளில் துடித்துக் கொண்டிருந்தவர்களைப் படமெடுத்து 1958-ல் புத்தகமாக வெளியிட்டார். 1960-ல் 'சிக்குஹோவின் குழந்தைகள்' வந்தது. நிலக்கரிச் சுரங்கங்கள் மூடிப் போய், அப்பாவுக்கு வேலை இல்லாமல், பகல் சாப்பாடு இல்லாமல் பள்ளிக்கூடம் போன குழந்தைகளின் படங்கள். ஏழைகளும் வாங்க வேண்டும் என்று மட்டமான காகிதத்தில் அச்சிட்டு நூறு யென்னுக்கு விற்றார்கள். லட்சம் பிரதி போயிற்று.

அந்தச் சமயத்தில்தான் இடி விழுந்தது.

கை விழுந்த பிறகு

ஐம்பது வயதில் அவருக்கு மூளையில் ரத்தக் கசிவு. உயிர் பிழைத்தார். ஆனால் வலது பக்கம் சரியாக ஒத்துழைக்கவில்லை. சின்னக் காமிராவைக் கையில் பிடித்து, ஓடி ஓடிக் குழந்தைகளைப் படமெடுத்தவர் அவர். இனி அந்தக் காமிராவை ஆடாமல் பிடிக்கவே முடியாது என்ற நிலைமை.

இங்கே ஒரு நிமிஷம் கதையை நிறுத்திக் கொள்கிறேன். பக்கவாதம் நம் வீடுகளுக்கும் வராத விருந்தாளி அல்ல. பேசிக் கொண்டிருப்பவரின் வாய் திடீரென்று ஒரு பக்கம் கோணினாலோ, ஒரு கையோ காலோ தளர்ந்து விழுந்தாலோ, பேச்சு குழறினாலோ, "படுத்தால் சரியாகிவிடும்" என்று இருந்துவிடாதீர்கள். வாயில் தண்ணீரோ மருந்தோ ஊற்றாதீர்கள், புரையேறிவிடும். உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். முதல் சில மணி நேரம்தான் பொன்னான நேரம். ரத்தக் கொதிப்பு இருப்பவர்கள் மாத்திரையைத் தாங்களாகவே நிறுத்தவும் கூடாது. நாற்பது தாண்டிய வீட்டுக்காரருக்கும் நமக்கும் வருஷத்துக்கு ஒரு தடவையாவது ரத்த அழுத்தம் பார்த்துக் கொள்வது நல்லது.

சரி, டோமோனிடம் வருவோம். சின்னக் காமிராதானே முடியாது? பெரிய காமிரா முடியுமே! அதை முக்காலியில் நிறுத்திவிட்டால் கை ஆடினால் என்ன? உதவியாளர்கள் தூக்குவார்கள், நகர்த்துவார்கள், பிலிம் போடுவார்கள். பார்க்க வேண்டியது இவர் கண். அது போதும் என்று முடிவு செய்தார். ஓடுகிற குழந்தையைப் பெரிய காமிராவில் பிடிக்க முடியாது. ஆனால் ஆயிரம் வருஷமாக அசையாமல் நிற்கிற கோயிலைப் பிடிக்கலாம். அப்படிப் பிறந்ததுதான் 'பழங்கோயில் யாத்திரை' என்ற ஐந்து பெரிய புத்தகங்கள். முதல் பாகம் 1963-ல், ஐந்தாவது 1975-ல் வந்தது.

ஜப்பானியக் கோயில்களின் உள்ளே நம் கர்ப்பக்கிரகம் போலவே இருட்டு. அங்கே எப்படிப் படமெடுத்தார் தெரியுமா? காமிராவின் கண்ணைத் திறந்தபடியே வைத்துவிடுவார். உதவியாளர்கள் பிளாஷ் பல்புகளை எடுத்துக் கொண்டு இங்கே ஒன்று, அங்கே ஒன்று, பின்னால் ஒன்று என்று ஒவ்வொன்றாக எரிய வைப்பார்கள். ஒவ்வொரு வெளிச்சமும் விக்கிரகத்தின் ஒவ்வொரு பகுதியைப் பிலிமில் பதிக்கும். அர்ச்சகர் கற்பூரத் தட்டை உயர்த்தி முதலில் திருமுகம், பிறகு மார்பு, பிறகு பாதம் என்று காட்டுவாரே, அப்படி!

முழு உருவத்தை மட்டும் எடுத்துவிட்டு அவர் திருப்தி அடையவில்லை. உதட்டின் ஓரம் மட்டும் ஒரு படம். கால் கட்டை விரல் மட்டும் ஒரு படம். மூடியும் மூடாத கண்ணிமை ஒரு படம். நேரில் போனவர்கள்கூட, "இதை நாம் பார்க்கவில்லையே" என்று சொல்லும்படி எடுத்தார்.

ஓடிய கோயில்

1961-ல் நடந்ததைக் கேளுங்கள். கியோத்தோவுக்கு அருகே பியோதோஇன் என்று ஒரு கோயில். குளத்தின் நடுவே சிறகு விரித்த பறவை போல 1053-ல் கட்டிய மண்டபம். ஜப்பானின் பத்து யென் நாணயத்தில் இருப்பது இதுதான். அன்று வேலை முடிந்து காமிராவை எல்லாம் மூட்டை கட்டிவிட்டார்கள். கிளம்பும்போது டோமோன் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். அந்தி வானம் செக்கச் சிவந்து, மேகங்கள் விரைந்து கொண்டிருந்தன. மேகம் ஓடுவது போலத் தோன்றவில்லை அவருக்கு. மண்டபமே வானத்தில் பறந்து ஓடுவது போலத் தோன்றியது. "காமிரா!" என்று கத்தினார். கட்டிய மூட்டையை அவசர அவசரமாகப் பிரித்து, முக்காலியை நிறுத்தி எடுப்பதற்குள் வெளிச்சம் போய்விட்டது. கிடைத்தது ஒரே ஒரு படம். அது அவருடைய புகழ்பெற்ற படங்களில் ஒன்றாயிற்று.

'கோயில் அசையாது' என்று நினைத்துப் பெரிய காமிராவுக்கு மாறியவருக்குக் கோயிலே ஓடிக் காட்டியது!

1968-ல் இரண்டாவது தடவை மூளையில் ரத்தக் கசிவு. இந்தத் தடவை கால்களும் போயின. சக்கர நாற்காலி வந்தது. அதோடு முடிந்தது என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் கல் படிகள் வந்தால் உதவியாளர்கள் அவரை முதுகில் சுமந்து ஏறினார்கள். நாற்காலியில் இருந்தபடியே, "இன்னும் கொஞ்சம் இடது பக்கம்", "இன்னும் தாழ்த்து" என்று காமிராவை நகர்த்தச் சொல்வார். நாற்காலியில் உட்கார்ந்தவரின் கண் தாழ்வாகத்தானே இருக்கும்? அந்தத் தாழ்ந்த இடத்திலிருந்தே கோயில்களை அண்ணாந்து பார்த்தார்.

பனிக்காகக் காத்திருந்த நாட்கள்

கோயிலும் பனியும் சேர்ந்தால் ஜப்பானியர் மனம் உருகிவிடும். 1856-ல் ஹிரோஷிகே என்ற ஓவியர் தோக்கியோவின் அசகுசா கோயிலைப் பனி மூடிய கோலத்தில் மர அச்சுப் படமாக்கினார். 1925-ல் கவாசே ஹசுய், ஸோஜோஜி கோயிலின் சிவப்பு வாசலுக்கு முன்னால், கொட்டும் பனியில் குடையைச் சாய்த்துப் பிடித்து நடக்கும் ஒரு பெண்ணை வரைந்தார். வீட்டுச் சுவர்களிலும் நாட்காட்டிகளிலும் இன்றைக்கும் இருக்கும் படம் அது.

டோமோனுக்கும் அந்த ஆசை உண்டு. முரோஜி எப்போது அழகு என்று பல வருஷங்களுக்கு முன்பே அந்தக் கோயிலின் தலைமைத் துறவியைக் கேட்டிருந்தார். செர்ரிப் பூக்கும் வசந்தம் என்றோ, இலைகள் சிவக்கும் இலையுதிர் காலம் என்றோ பதில் வரும் என எதிர்பார்த்தார். அவரோ, மலை முழுக்க வெண்பனி போர்த்திய நேரம்தான் என்று சொல்லிவிட்டார். டோமோன் எல்லாப் பருவத்திலும் படமெடுத்திருக்கிறார். பனி மட்டும் கிடைக்கவில்லை. இவர் போகும்போது பனி பெய்யாது. பெய்யும்போது இவர் வேறு ஊரில் இருப்பார். இப்படியே நாற்பது வருஷம் ஓடிவிட்டது.

1978. வயது 68. இனித் தள்ளிப் போட நாள் இல்லை என்று தெரிந்துவிட்டது. கோயிலுக்கு எதிரே இருக்கும் விடுதியில் தங்கிக் காத்திருந்தார். குளிர்காலம் முடிந்து மார்ச் மாதமும் வந்துவிட்டது. வந்தவர்களுக்கு நம்பிக்கை போயிற்று. மார்ச் 12-ம் தேதி விடியற்காலை வானம் இரங்கியது. விடுதியை நடத்தும் அம்மாள் ஓடோடி வந்து பனி பெய்திருக்கிறது என்று சொன்னபோது, அவர் கையைப் பிடித்துக் கொண்டு அந்த முரட்டு மனிதர் கண்ணீர் விட்டார் என்று சொல்வார்கள்.

கொட்டித் தீர்த்த பனி அல்ல. பச்சரிசி மாவைச் சலித்துத் தூவினாற் போல மெல்லிய வசந்த காலப் பனி. வெயில் வந்தால் உருகிவிடும். நாற்காலியோடு அவரைத் தூக்கிக் கொண்டு ஓடினார்கள். படிகளின் விளிம்பில் வெள்ளைக் கோடு. சின்னக் கோபுரத்தின் ஐந்து கூரைகளிலும் வெள்ளை. அதே ஆண்டில் 'பெண்களின் கோயா முரோஜி' என்ற அவருடைய புத்தகம் வந்தது.

மறு வருஷம், 1979-ல், மூன்றாவது தாக்குதல். நினைவு தப்பியது. பதினோரு வருஷம் அப்படியே கிடந்து 1990-ல் காலமானார். தன் படங்கள் எல்லாவற்றையும் பிறந்த ஊருக்குக் கொடுத்திருந்தார். அதற்காக சகாதாவில் 1983-ல் ஓர் அழகான காட்சிக்கூடம் திறந்தார்கள். ஜப்பானில் புகைப்படத்துக்கென்றே அமைந்த முதல் காட்சிக்கூடம் அது. அதை அவர் பார்க்கவே இல்லை. ஒரு வருஷம் சோம்பி இருந்திருந்தால் அந்தப் பனியையும் பார்த்திருக்க மாட்டார்.

விழுந்து எழுந்த கோபுரம்

1998 செப்டம்பரில் ஒரு பெரும் புயல். முரோஜியில் மிக உயரமான தேவதாரு மரம் ஒன்று வேரோடு சாய்ந்து, ஆயிரத்து இருநூறு வருஷக் கோபுரத்தின் மேல் விழுந்தது. ஒரு பக்கத்துக் கூரைகள் ஐந்தும் நொறுங்கின. படத்தைப் பார்த்த ஜப்பானியர் பதறிப் போனார்கள். ஆனால் நடுத்தூண் உறுதியாக நின்றது. நாடெங்கும் இருந்து நன்கொடை வந்தது. 2000-ல் கோபுரம் பழையபடி எழுந்து நின்றது. ஒரு பக்கம் விழுந்தும் நிமிர்ந்த கோபுரம்! டோமோன் இருந்திருந்தால் அதையும் எடுக்கத் தூக்கிக் கொண்டு போகச் சொல்லியிருப்பார்.

சகோதரிகளே, இந்தக் கதையில் எனக்கு ரொம்பப் பிடித்தது அந்தப் பனி அல்ல. முதுகு கொடுத்தவர்கள்தான். ஒரு பக்கம் விழுந்த மனிதரை, "பேசாமல் படுத்திருங்கள்" என்று மூலையில் கிடத்தாமல், "எங்கே போக வேண்டும்?" என்று கேட்டுத் தூக்கிக் கொண்டு ஏறினார்களே, அவர்கள் இல்லாவிட்டால் அந்தப் படங்கள் ஏது? நம் வீட்டிலும் மாமனாரோ, அம்மாவோ, பாட்டியோ கை கால் விழுந்து படுத்திருக்கலாம். மருந்தும் கஞ்சியும் வேளா வேளைக்குக் கொடுக்கிறோம். அதோடு, அவர்கள் ஆசையாகச் செய்து வந்தது எது, அதில் இன்னும் மிச்சம் இருப்பது எது என்றும் கொஞ்சம் யோசிக்கலாமே? கோலம் போட்ட அம்மாவால் குனிய முடியாது. நாற்காலியில் உட்கார்ந்து, "அந்தப் புள்ளி தள்ளிப் போச்சு பாரு" என்று பேத்திக்குச் சொல்ல முடியும் அல்லவா?

அடுத்த தடவை கோயிலுக்குப் போகும்போது ஒன்று செய்து பாருங்கள். போனவுடனே செல்போனை எடுக்காதீர்கள். அனுமதி உள்ள இடம்தானா என்று முதலில் கேட்டுக் கொள்ளுங்கள். ஜப்பானிலும் பல கோயில்களில் சந்நிதிக்குள் யாரும் எடுக்கக் கூடாது. பிறகு ஐந்து நிமிஷம் சும்மா பாருங்கள். தூணில் ஒரு யாளியின் கண், தேய்ந்து போன படியின் பள்ளம், விளக்கு மாடத்துக் கரி, எது உங்களை நிறுத்துகிறதோ, அதை மட்டும் ஒரே ஒரு படம் எடுங்கள். ஐந்நூறு படத்தில் அழிக்க மனம் வராத படம் அதுவாகத்தான் இருக்கும்.

வீட்டில் நடக்க முடியாத பெரியவர் யாராவது இருந்தால், திரும்பி வந்ததும் முதலில் அவரிடம் காட்டுங்கள்.